நடுவில் இருந்தவர் போன பிறகு

தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர்ப் பேருந்து நிலையத்திலும் ஒரு ‘கண்ணீர் அஞ்சலி’ சுவரொட்டியாவது கண்ணில் படும். நடுவே இறந்தவரின் படம் பெரிதாக. இருபுறமும் தோற்றம், மறைவு தேதிகள். கீழே இரண்டு மூன்று வரிசைகளில், கூலிங்கிளாஸும் மடித்துவிட்ட சட்டைக் கையுமாக நண்பர்களின் சின்னச் சின்னப் படங்கள். சாவிலும் விளம்பரமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த நண்பர்களுக்கு வேறு எங்கே இடம் இருக்கிறது என்று யோசித்தால் சுளிப்பு குறையும். கொள்ளி வைப்பவர் மகன். கோடி போடுபவர்கள் சம்பந்திகளும் தாய்மாமன் வகையறாவும். தீட்டுக் காப்பவர்கள் பங்காளிகள். பந்தல்காரருக்கும் ஐஸ்பெட்டிக்காரருக்கும் போன் போட்டது, மருத்துவமனையில் கையெழுத்துக்கு அலைந்தது, பாடைக்குத் தோள் கொடுத்தது, வந்தவர்களுக்கு டீ போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தது எல்லாம் நண்பர்கள். வேலையில் பாதிக்கு மேல் அவர்களுடையது. சடங்கில் அவர்களுக்கென்று ஒன்றும் இல்லை. ‘இவன் எங்களுக்கும் வேண்டியவன்’ என்று ஊரறியச் சொல்லிக்கொள்ள அவர்களுக்குக் கிடைத்தது ஒரு சுவர்தான்.

அலுவலகங்களும் ஏறக்குறைய இப்படித்தான். துக்கத்துக்கு விடுப்பு கொடுக்கும் விதிகள் பெரும்பாலும் ரத்தத்தையும் தாலியையும் பார்த்தே கொடுக்கின்றன. முப்பது வருட நண்பன் செத்துப்போனால் ‘பெரியப்பா இறந்துவிட்டார்’ என்று பொய் சொல்லி விடுப்பு வாங்க வேண்டியிருக்கும். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் தொகுத்த நூல் இந்த நிலையைத்தான் ‘உரிமை மறுக்கப்பட்ட துக்கம்’ என்று அடையாளம் காட்டியது. துக்கம் இருக்கிறது; அதைக் கொண்டாட உரிமை இல்லை. யாரும் வந்து கையைப் பிடித்துக்கொள்வதில்லை, யாரும் சோறு கொண்டுவந்து கொடுப்பதில்லை.

மறுக்கப்படுவதால் துக்கம் சின்னதாகிவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் ஒரே குடும்பங்களிடம் கேள்வி கேட்டுத் திரட்டப்படும் ஒரு பெரிய கணக்கெடுப்பு இருக்கிறது. அதன் 14 ஆண்டுத் தரவை வாய்-மான் லியூ, லிஸ் ஃபோர்பாட், காத்ரீனா ஆண்டர்சன் ஆகிய மூவரும் 2019இல் அலசினார்கள். 26,515 பேரில் 9,586 பேர் நெருங்கிய நண்பர் ஒருவரையாவது பறிகொடுத்தவர்கள். அவர்களுடைய உடல்நலத்திலும் மனநலத்திலும் வெளியுலகப் புழக்கத்திலும் ஏற்பட்ட சரிவு நான்கு ஆண்டுகள் வரை தெரிந்தது. பெண்களிடம் அது கூடுதல். அக்கம்பக்கத்தோடு அதிகம் பழகாதவர்களிடம் இன்னும் மோசம். வருட நினைவு நாளுக்குள் மனம் தேறிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கும் உலகத்துக்கு நான்கு ஆண்டு என்பது நீண்ட கணக்கு.

நண்பனின் துக்கத்துக்கு இடம் கேட்ட பழைய குரல்களில் ஒன்று தமிழில் பதிவாகியிருக்கிறது. கோப்பெருஞ்சோழன் கதையில் எல்லாருக்கும் தெரிந்தவர் பிசிராந்தையார். பாண்டிய நாட்டுப் பிசிரில் இருந்தவர், உறையூர்ச் சோழனை நேரில் கண்டதே இல்லை. பெற்ற பிள்ளைகளோடு முரண்பட்ட சோழன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, ஆந்தை வருவான், அவனுக்கு இடம் ஒதுக்குங்கள் என்றான். அவரும் வந்தார். பழகாமலே நட்பு முதிரும் என்பதற்குப் பரிமேலழகர் தம் குறள் உரையில் காட்டும் எடுத்துக்காட்டே இவர்கள்தான். ஆனால் அதே மன்னனுக்கு உறையூரிலேயே அருகில் இருந்த நண்பர் ஒருவர் உண்டு: பொத்தியார். அவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

புறநானூற்றின் 217, 220 முதல் 223 வரையிலான பாடல்கள் அவருடையவை. மன்னனோடு தானும் உயிர்விட எண்ணினார். உன் மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்த பின் வா என்று சோழன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். உறையூர் திரும்பியவர் மன்னன் இல்லாத மன்றத்தைப் பார்க்கிறார். பல காலம் சோறூட்டிய யானை செத்த பிறகு வெறுங்கட்டுத்தறியைப் பார்த்து அழும் பாகனாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். பிறகு குழந்தை பிறக்கிறது. சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு நடுகல் முன் வந்து நின்று, என் இடம் எது என்று கேட்கிறார். அந்தப் பாட்டில் மன்னனை அன்பில்லாதவனே என்று விளிக்கவும் அவர் தயங்கவில்லை. எங்கிருந்தோ வந்தவருக்குப் பக்கத்தில் இடம். கூடவே இருந்தவருக்குப் போய்விட்டு வா என்ற கட்டளை. அந்த மனத்தாங்கல் வெளிப்படையாகவே இருக்கிறது.

இது பொத்தியாரோடு நிற்கவில்லை. நண்பன் பாரி இறந்த பின் வடக்கிருந்த புலவர் கபிலரும், இத்தனை காலம் காத்த நீ கடைசியில் உடன் வர விடாமல் இரு என்று சொல்லிவிட்டுப் போனாயே, நான் உனக்குத் தகாதவனா என்று பாரியிடம் கேட்கிறார். அரசன் இறந்தால் மனைவி என்ன செய்வாள், மகன் என்ன செய்வான் என்பதற்கு அந்த உலகில் வழக்கம் உண்டு. அழுகை அந்த வழியில் போகும். நண்பனுக்கு வகுத்த வழி இல்லை. அதனால்தானோ என்னவோ, அவனுடைய ஒப்பாரி செத்தவனோடு போடும் சண்டையாக வருகிறது.

இதுவரை சொன்னது, போனவருக்கும் இருப்பவருக்கும் இடையிலான கதை. இருப்பவர்களுக்குள் நடப்பது அதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது.

எந்த நட்பு வட்டத்திலும் ஒருவர் நடுவில் இருப்பார். ‘ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்துருங்கடா’ என்று கூப்பிடுபவர் அவர். ஒருவன் கோபித்துக்கொண்டால் சமாதானத்துக்குப் போகிறவர் அவர். மற்றவர்கள் தங்களுக்குள்ளும் நண்பர்கள் என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள். அவர் போன மறுவருடம்தான், அவர் இல்லாமல் இவர்களில் யாரும் யாருக்கும் தனியாகப் போன் செய்ததே இல்லை என்பது உறைக்கும். வாட்ஸ்அப் குழுவில் இறந்தவரின் எண் அப்படியே கிடக்கும். நீக்க யாருக்கும் கை வராது. பிறந்தநாள் வாழ்த்துகளும் ஃபார்வர்டு செய்திகளும் கொஞ்ச நாள் வரும். பிறகு அதுவும் ஓயும்.

சமூகவியலாளர் கேயோர்க் ஜிம்மெல் 1908இல் வெளிவந்த தம் பெருநூலில் இரண்டு பேர் கூட்டத்துக்கும் மூன்று பேர் கூட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தார். இருவர் உறவில் ஒருவர் போனால் உறவே போயிற்று. மூன்றாவது ஆள் சேர்ந்ததும், யார் போனாலும் குழு மிஞ்சும் என்ற சாத்தியம் வந்துவிடுகிறது. சாத்தியம்தான், உறுதியில்லை. உண்மையில் மிஞ்சுகிறதா என்று எண்ணிப் பார்க்க அதன்பின் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. வில்லியம் ஹாப்ஸ், மொய்ரா பர்க் இருவரும் 2017இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு ஃபேஸ்புக் தரவை எடுத்துக்கொண்டது. உறுப்பினர் ஒருவர் இறந்துபோன சுமார் 15,000 நட்பு வலைகளை, அப்படி யாரும் இறக்காத சுமார் 30,000 வலைகளோடு ஒப்பிட்டார்கள். பெயர் அடையாளங்கள் நீக்கப்பட்ட தரவு அது.

இறப்புக்கு அடுத்த மாதம் நெருங்கிய நண்பர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது சுமார் 30 விழுக்காடு கூடியது. பிறகு மெல்லக் குறைந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும், இறந்தவரோடு போன உரையாடலை ஏறத்தாழ ஈடுகட்டும் அளவுக்கு மற்றவர்களுக்கிடையே பேச்சு நிலைத்திருந்தது. 18 முதல் 24 வயதுக்காரர்களிடம் இந்த ஈடுகட்டல் மிக அதிகம். தற்கொலையால் நேர்ந்த இழப்புகளில் வட்டம் இப்படி நெருங்கி வந்தது மிகக் குறைவு. ஒருவேளை அந்த வட்டங்களில் ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கும்போது ‘உனக்காவது தெரிந்திருக்க வேண்டாமா’ என்ற கேள்வியும் கூடவே வந்து நின்றிருக்கலாம். இது ஊகம், தரவு சொல்வது எண்ணிக்கையை மட்டுமே.

எண்ணிக்கைக்கு ஓர் எல்லையும் உண்டு. இறந்தவரோடு பத்து வார்த்தை குறைந்து, மற்றவர்களோடு பத்து வார்த்தை கூடினால் கணக்கு நேராகிவிடும். மனிதர்களிடம் அது நேராகிவிடுமா? ஆகாது என்று விளக்கியவர் சி. எஸ். லூயிஸ்.

ஆக்ஸ்ஃபோர்டில் லூயிஸ், ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கியன், நாவலாசிரியர் சார்லஸ் வில்லியம்ஸ் முதலானோர் ‘இங்க்ளிங்ஸ்’ என்ற பெயரில் கூடுவார்கள். வியாழன் இரவுகளில் லூயிஸின் அறையில் எழுதியதை வாசிப்பார்கள். செவ்வாய்க் காலைகளில் மதுக்கடையில் அரட்டை. வில்லியம்ஸ் லண்டன்காரர். போர் தொடங்கிய 1939இல் அவர் வேலைபார்த்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் லண்டன் அலுவலகம் இடம்பெயர்ந்ததால் வந்து சேர்ந்தவர். 1945 மே 15, செவ்வாய்க்கிழமை. ஐரோப்பாவில் போர் முடிந்து ஒரு வாரம். வில்லியம்ஸ் மருத்துவமனையில் இருந்தார். அவருக்குப் படிக்க ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு லூயிஸ் போனார். அவரைப் பார்த்துவிட்டு, அவர் சொல்லும் சேதியைக் கடையில் காத்திருப்பவர்களிடம் சொல்லலாம் என்பது எண்ணம். போன இடத்தில் அவர் இறந்துவிட்டார் என்றார்கள். நண்பர்களிடம் எடுத்துச் செல்ல அந்தச் சேதிதான் மிஞ்சியது.

பின்னாளில், 1960இல் வெளியான ‘நான்கு அன்புகள்’ நூலில், லூயிஸ் அந்த இழப்பை ஒரு கணக்காகவே வைக்கிறார். சார்லஸ் போய்விட்டதால் ரொனால்டு டோல்கியன் தனக்கு முன்னைவிட அதிகமாகக் கிடைத்திருக்க வேண்டும், பங்குபோட ஆள் இல்லையே. நடந்தது தலைகீழ். சார்லஸ் அடிக்கும் ஒருவகை நகைச்சுவைக்கு ரொனால்டு சிரிக்கும் ஒரு சிரிப்பு உண்டு. அதை வரவழைக்கும் வித்தை லூயிஸிடம் இல்லை. சார்லஸோடு ரொனால்டின் அந்தப் பகுதியும் போய்விட்டது. நண்பன் ஒருவன் சாகும்போது, உயிரோடு இருக்கும் நண்பர்களும் கொஞ்சம் குறைந்துபோகிறார்கள்.

நட்பைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இவ்வளவு துல்லியமானது அபூர்வம். ஆனாலும் இதில் லூயிஸின் கண் வழியே தெரியும் டோல்கியன் மட்டும்தான் இருக்கிறார். டோல்கியன் தரப்பில், வில்லியம்ஸ் லூயிஸைத் தன் பக்கம் அதிகமாக ஈர்த்துவிட்டார் என்ற குறை இருந்தது. பிற்காலக் கடிதங்களில் அது தெரிகிறது. ஒரே இறப்புக்கு இரண்டு நண்பர்களும் ஒரே அளவில் துக்கப்பட வேண்டும் என்பதில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. நினைவு மலர் ஒன்றை 1947இல் சேர்ந்தே கொண்டுவந்தார்கள். டோல்கியனின் புகழ்பெற்ற தேவதைக் கதைக் கட்டுரை அதில்தான் முதலில் அச்சாயிற்று. 1949 அக்டோபரில் ஒரு வியாழன் இரவு யாருமே வரவில்லை என்று லூயிஸின் அண்ணன் வாரன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். வியாழன் கூட்டங்கள் அத்தோடு சரி. செவ்வாய் அரட்டை மட்டும் நீடித்தது.

இழப்பு ஒன்று எத்தனை பேரை எப்படிக் கட்டிப்போடும், எப்படிப் பிரிக்கும் என்பதை மிக நீண்ட காலம் தொடர்ந்து பார்க்க வாய்ப்புத் தரும் நிகழ்வு, இதற்கு நூறாண்டுக்கு முந்தையது. 1833 செப்டம்பர் 15 அன்று வியன்னாவில் ஆர்தர் ஹாலம் இறந்தார். வயது 22. தந்தை ஹென்றி ஹாலம் பெயர்பெற்ற வரலாற்றாசிரியர். மகனோடு பயணம் வந்தவர், உலாவப் போய்விட்டுத் திரும்பியபோது மகன் சாய்விருக்கையில் தூங்குகிறான் என்றே நினைத்தார். மூளையில் ரத்தக்கசிவு.

செய்தி லிங்கன்ஷயரின் சாமர்ஸ்பி கிராமத்துக்கு ஆர்தரின் மாமன் ஹென்றி எல்டன் எழுதிய கடிதமாக வந்தது. அக்டோபர் 1 தேதியிட்ட கடிதம். அது வந்தது நண்பர் பெயருக்கு: ஆல்ஃப்ரெட் டென்னிசன், கேம்பிரிட்ஜில் ஆர்தரோடு படித்த கவிஞர். அதே வீட்டில் ஆல்ஃப்ரெட்டின் தங்கை எமிலி இருந்தார். அவர் ஆர்தருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண். ஆல்ஃப்ரெட் கடிதத்தைப் படித்துவிட்டுத் தங்கையைத் தனியே அழைத்துச் சொன்னார். எமிலி மயங்கி விழுந்தார்.

இங்கே மூவர் மிஞ்சுகிறார்கள்: அப்பா, நண்பன், நிச்சயித்த பெண். அப்பாவை மற்ற இருவரோடும் இணைத்திருந்தது ஆர்தர் ஒருவர்தான். சொல்லப்போனால் தந்தைக்கு அந்தச் சம்பந்தத்தில் முதலில் விருப்பமே இல்லை. 21 வயது ஆகும்வரை சாமர்ஸ்பிக்குப் போகக் கூடாது என்று மகனுக்குத் தடை போட்டிருந்தவர். மகன் செத்த பிறகு அவரே எமிலியைத் தம் வீட்டுக்கு அழைத்து வைத்துக்கொண்டார். ஆண்டுக்கு 300 பவுண்டு உதவித்தொகை கட்டினார். அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியே வாழப் போதுமான தொகை. ஆர்தரின் தங்கை எலனுக்கும் எமிலிக்கும் நட்பு வளர்ந்தது. நீண்ட துக்கத்துக்குப் பின் எமிலி முதன்முதலாக மற்றவர்கள் முன் வந்ததை அன்று அங்கிருந்த ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். உடலெல்லாம் கறுப்பு உடை; கருங்கூந்தலில் ஒரே ஒரு வெள்ளை ரோஜா. ஆர்தருக்கு அப்படிப் பிடிக்கும்.

பார்த்தவர்கள் உருகினார்கள். உருகியவர்கள் எதிர்பார்த்தது என்ன என்பது பிறகுதான் வெளிப்பட்டது. 1842 ஜனவரியில், ஆர்தர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், எமிலி ரிச்சர்டு ஜெஸ்ஸி என்ற கடற்படை அதிகாரியை மணந்தார். ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. எலிசபெத் பாரெட், பிற்பாடு பிரௌனிங், தம் கடிதத்தில் எமிலியைக் கடுமையாகச் சாடினார். இறந்தவனின் நினைவாகக் கிடைக்கும் பணத்தை வாங்கிக்கொண்டு இன்னொருவனைக் கட்டிக்கொள்வதா என்பதுதான் பொதுவான முணுமுணுப்பு. மூத்த மகனுக்கு எமிலி ஆர்தர் ஹென்றி ஹாலம் என்றே பெயர் வைத்தார். யாரிடம் எதைத் தீர்த்துக்கொள்ள அப்படிச் செய்தார் என்று ஊகிக்கத் தோன்றுகிறது.

நண்பர் என்ன செய்துகொண்டிருந்தார்? இறுதிச் சடங்குக்கு அவர் போகவில்லை. உடல் ட்ரியெஸ்டே துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்து 1834 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் கிளீவ்டனில் புதைக்கப்பட்டது. மகனின் எழுத்துகளைத் தொகுத்த தந்தை, ஒரு நினைவுக் குறிப்பு எழுதித் தரும்படி கேட்டார். ஆல்ஃப்ரெட் முயன்றுவிட்டு, என்னால் அவனுக்கு நியாயம் செய்ய முடியவில்லை என்று கைவிரித்தார். தொகுப்பு 1834இல் அவர் எழுத்து இல்லாமலே வந்தது. ஆனால் சின்னச் சின்னக் கவிதைகளாக எழுதிக்கொண்டே இருந்தார், 17 ஆண்டுகளாக. ‘இன் மெமோரியம்’ 1850இல் ஆசிரியர் பெயரின்றி வெளியானது; அதன் இறுதி வடிவில் 131 பகுதிகளும் முன்னுரை, பின்னுரைப் பாடல்களும் உண்டு. போர்வீரர் ஒருவரின் விதவை எழுதியிருக்க வேண்டும் என்று விமர்சகர் ஒருவர் நினைத்ததாகச் சொல்வார்கள். கவிதை அந்தக் குழப்பத்துக்கு இடம்கொடுக்கத்தான் செய்கிறது. நண்பனின் துக்கத்துக்குச் சொந்த மொழி இல்லாததால் டென்னிசன் கைம்பெண்ணின் மொழியைக் கடன் வாங்குகிறார். அந்த மொழிக்கு உரியவர் பக்கத்து அறையில் இருந்தார் என்பதுதான் சங்கடம்.

தொடக்கத்திலேயே ஒரு பகுதி வருகிறது. காதலன் வருவான் என்று அலங்கரித்துக் காத்திருக்கும் பெண்ணுக்கு அவன் இறந்த செய்தி வரப்போகிறது. அவளுக்கு இனி என்றும் கன்னிமை, எனக்கு இனி இரண்டாவது நண்பன் இல்லை என்ற பொருளில் அது முடிகிறது. இது அச்சில் வந்தபோது எமிலிக்கு மணமாகி எட்டாண்டு, அவர் தாயும்கூட. நூலின் முடிவில் ஒரு தங்கையின் திருமணம் கொண்டாடப்படுகிறது. அது செசிலியாவின் திருமணம். அதுவும் 1842இல் நடந்ததுதான். அதே ஆண்டில் நடந்த எமிலியின் திருமணத்துக்கு நூலில் இடமில்லை. இரண்டாவது நண்பன் கிடையாது என்று எழுதிய கவிஞரோ செசிலியாவின் கணவர் எட்மண்ட் லஷிங்டனை நெருங்கிய நண்பராக ஏற்றார். அவரை நோக்கியே நூலில் ஒரு பகுதி பேசுகிறது. நாவலாசிரியர் ஏ. எஸ். பையட் 1992இல் வெளியிட்ட ‘ஏஞ்சல்ஸ் அண்ட் இன்செக்ட்ஸ்’ நூலின் இரண்டாம் குறுநாவலில் இந்த எமிலியை முதுமையில் உட்காரவைத்து, அண்ணனின் புகழ்பெற்ற துக்கத்தைப் படிக்கவிட்டிருக்கிறார். எமிலிக்குக் கிடைத்த தாமதமான வக்கீல் அவர்.

டென்னிசனைக் குற்றவாளியாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் விதம் இது. போனவரின் மிச்சமாகவே மற்றவரைப் பார்க்கிறார்கள். அவர் விரும்பிய ரோஜா இந்தக் கூந்தலில் இருக்கிறதா, அவர் பேசிய குரல் இவன் கவிதையில் கேட்கிறதா? மிச்சப்பொருள் மாறாதிருக்க வேண்டும். ஆளோ மாறுவான். புதிதாகச் சிரிப்பான், வேலை மாற்றுவான், மணம் முடிப்பான். அப்போதுதான் இழை அறுகிறது.

கபிலர் கதையிலும் இதே முடிச்சு இருக்கிறது, நாம் அதைக் கபிலர் பக்கமிருந்தே பார்த்துப் பழகிவிட்டோம். மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்ற பின், அவன் பெண்கள் இருவரையும் கபிலர் அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடம் போகிறார், இருங்கோவேளிடம் போகிறார். இருங்கோவேளிடம் அவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முறை கவனிக்கத்தக்கது. தந்தையின் தோழன் என்பதால் இவர்கள் என் மகளிர் என்கிறார். நட்பை ரத்த உறவின் இடத்துக்கு உயர்த்தி, அந்த உரிமையில் கன்னிகாதானம் செய்ய நிற்கிறார். இரு குறுநில மன்னரும் மறுத்தார்கள். கபிலர் இருங்கோவேளைச் சினந்து பாடினார். பெண்களைப் பார்ப்பாரிடம் விட்டுவிட்டு அவர் வடக்கிருந்து உயிர்விட்டார் என்கின்றன புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்பான கொளுக்கள். திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் ராசராசன் காலத்துக் கல்வெட்டோ வேறு விதமாகச் சொல்கிறது: பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையனுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணையாற்றுக் கல் ஒன்றில் கபிலர் தீப்புகுந்தார். கபிலக்கல் என்று அது இன்றும் காட்டப்படுகிறது.

இரு கதைகளிலும் கபிலர் முதலில் பொறுப்பை இறக்கிவைக்கிறார், பிறகு நண்பனிடம் போகிறார். பெண்கள் அவருக்கு நண்பன் விட்டுச்சென்ற கடன். அதை அவர் நேர்மையாக அடைத்தார் என்பதில் ஐயமில்லை. எனினும், அப்பாவை இழந்த பெண்கள் அப்பாவின் தோழரையும் அதே துக்கத்தின் பெயரால் இழக்கிறார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள்? அவர்கள் பாடியதாக ஒரே ஒரு பாட்டு உண்டு, பறம்பு மலையையும் தந்தையையும் இழந்ததைப் பற்றி. கபிலரைப் பற்றி அதில் பேச்சில்லை. பாடியவர் பெயரும் ‘பாரி மகளிர்’ என்றுதான். அங்கவை, சங்கவை என்பவை பிற்கால மரபு கொடுத்த பெயர்கள்.

ஹென்றி ஹாலம் இந்த விஷயத்தில் வேறு மாதிரி மனிதராகத் தெரிகிறார். துக்கம் அவரை விடவில்லை: 1837இல் மகள் எலன், 1840இல் மனைவி, 1850இல் கடைசி மகன் என்று வரிசையாகப் பறிகொடுத்தார். எமிலி வேறொருவரை மணந்தபோது உதவித்தொகையை நிறுத்த அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது; ஊரும் ஆதரித்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. மகனின் நினைவுச் சின்னமாக இருக்கும்வரை மட்டும் அவள் நமக்கு வேண்டியவள் என்று நினைத்திருந்தால் 1842இல் கணக்கை முடித்திருப்பார். 1852இல் டென்னிசனுக்குப் பிறந்த மகனுக்கு ஹாலம் என்று பெயரிட்டபோது ஞானத்தந்தையாகவும் நின்றார். இத்தனைக்கும் அவர் உணர்ச்சி வசப்பட்டு எழுதியவர் அல்ல. அவருடைய வரலாற்று நூல்கள் வறண்டவை என்றே பெயர். இந்த உறவு பிழைத்ததில் உருக்கத்தைவிட ஆண்டுதோறும் தவறாமல் போய்ச் சேர்ந்த பணத்துக்கும் பெயர்வைப்பு விழாவுக்குப் போய்வந்த பழக்கத்துக்கும் அதிகப் பங்கு இருந்திருக்கிறது. செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது.

ஆனால் அதே மனிதர் மகன் இறந்த பின் ஒரு காரியம் செய்தார். ஆல்ஃப்ரெட் ஆர்தருக்கு எழுதிய கடிதங்களை அழித்துவிட்டார். ஏன் என்று எழுதிவைக்கவில்லை. ஆர்தரிடமிருந்து ஆல்ஃப்ரெட்டுக்கு வந்த கடிதங்களில் பலவற்றைப் பிற்பாடு அழித்தவர் ஹாலம் டென்னிசன், அதாவது இறந்த நண்பனின் பெயரைத் தாங்கிய அந்த மகனே.

இந்த வட்டத்தின் விளிம்பில் இன்னொருவரும் இருந்தார். ஈட்டன் பள்ளியில், டென்னிசனுக்கு முன்பே, ஆர்தரின் உயிர்த்தோழராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டன். நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமரானவர். ஒரே நண்பனை இழந்த கிளாட்ஸ்டனும் டென்னிசனும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். சேர்ந்து கப்பலில் உலாப் போயிருக்கிறார்கள். கிளாட்ஸ்டன் ஆட்சியில்தான் டென்னிசனுக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. என்றாலும் இருவருக்குமிடையே ஒரு விறைப்பு கடைசிவரை இருந்தது. யாருக்கு ஆர்தர் அதிகம் வேண்டியவர் என்ற போட்டியே காரணம் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள். அரசியலிலும் இருவரும் ஒத்துப்போகவில்லை என்பதால் போட்டியை மட்டும் காரணமாக்கத் தேவையில்லை.

டென்னிசன் 1892இல் இறந்தார். 1898 ஜனவரியில், தம் மரணத்துக்குச் சில மாதங்கள் முன்பு, கிளாட்ஸ்டன் ஆர்தர் ஹாலமைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டார். வியன்னா மரணத்துக்கு 65 ஆண்டுகள் ஆகப்போகும் நேரம். போட்டியிட யாரும் மிச்சமில்லை. ஆர்தர் தமக்கு எழுதிய கடிதங்களையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். ஜாக் கோல்ப் 1981இல் ஆர்தரின் கடிதங்களை நூலாகப் பதிப்பித்தபோது, பள்ளிக்கால ஆர்தரை அறிய அவைதான் பெரிதும் கைகொடுத்தன. ஆர்தருக்கு டென்னிசன் என்ன எழுதினார் என்பதை அறிய வழியில்லை.